ஸ்ரீவில்லிபுத்தூர் வரை எருசலேம் பயணம்

வேனில் இருந்தவர்கள் ஐந்து பேர். எங்கள் சபையின் உபதேசியார் ஆசீர்வாதம், பலசரக்குக் கடை தங்கராஜ் அண்ணாச்சி, அவர் மனைவி கிருபை அக்கா, என் அம்மாவின் அக்காள் எஸ்தர் பெரியம்மா, நான். வண்டி ஓட்டிய காசிம் பாயையும் சேர்த்தால் ஆறு. வராதவர்கள் மூன்று பேர். எங்களைக் கூட்டிப்போக வேண்டிய ஆயரய்யா குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். அம்மாவுக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. மம்சாபுரத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா ரூத்துக்கு நிறைமாதம். கடைசிவரை வராதது இன்னொன்றும் உண்டு. அது எருசலேம்.

என்னை ஏன் சேர்த்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இப்போது மதுரையில் இறையியல் படிக்கிறேன். பழங்கால யூதர்களும் முதல் கிறிஸ்தவர்களும் எருசலேம் நகரத்தைத் தாயாக வைத்து எழுதியது பற்றித்தான் என் ஆய்வு. "அந்த ஊர்லயே நின்னு அதை நம்ம சனத்துக்குச் சொல்லுலே" என்று ஆயரய்யா உத்தரவு போட்டார். ஒலிவ மலையில் நின்று பேசுவதாக நினைத்துக்கொண்டு ராத்திரி பகலாகத் தயார் செய்தேன். பேசியது ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில்.

ராஜபாளையத்தில் எங்களை வழியனுப்பிய விதத்தைச் சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது. தெருமுனையில் ஒரு பிளெக்ஸ். அதில் பொன் நிறக் கோபுரத்துக்கு முன்னால் நாங்கள் ஐந்து பேரும் நிற்கிறோம். நாங்கள் பார்த்தே இராத ஊரில் எங்கள் கால் தரையில் படாமல் கொஞ்சம் மிதந்தபடி இருந்தது. பேண்டு செட், மாலை, பொன்னாடை, ஜெபம், சபைக் கோவிலுக்குப் பின்னால் பிரியாணிப் பந்தி. கடைசியில் வழியனுப்புப் பாட்டு. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வழியனுப்புப் பாட்டுப் பாடி அனுப்பப்பட்டவர், வரவேற்புப் பாட்டுப் பாடாமல் திரும்ப வாசல் ஏறக்கூடாது. பட்டாளத்துக்குப் போனவர், துபாய்க்குப் போனவர் எல்லாருக்கும் இதே சட்டம்தான்.

அன்றைக்கு மாலை விழுந்தவர்களில் முகம் பூரித்துப்போய் நின்றது பெரியம்மா. முப்பது வருடம் நூல் மில்லில் வேலை பார்த்தவர். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, பக்கத்தில் இருப்பவரிடமும் பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். பிள்ளை இல்லை. ஊரில் பிறந்த பாதிப் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கும் சேனை வைத்ததில்லை.

சேனை என்றால், பிறந்த குழந்தையின் நாக்கில் சீனித்தண்ணீரோ தேனோ முதல் சொட்டுத் தொட்டு வைப்பது. வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை பெறாதவர்களைக் கூப்பிட மாட்டார்கள். அக்காவின் மூத்த பையனுக்கு அவளுடைய மாமியார், எங்கள் மம்சாபுரத்து அத்தையே வைத்துவிட்டார். இந்த இரண்டாவது பிள்ளைக்குப் பெரியம்மாதான் வைக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நிற்க, அத்தை யோசித்து ஒரு வழி சொன்னார்: "எருசலேம் போயிட்டு வரட்டும். புண்ணிய பூமியை மிதிச்ச காலு. அப்பொறவு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

ஆகவே எங்களுக்கு அது புனிதப் பயணம். பெரியம்மாவுக்கு அது சேனை.

வேன் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொட்டு, கோவில் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் உபதேசியாரின் போன் அடித்தது. பயண ஏற்பாட்டாளர். அங்கே நிலைமை சரியில்லை, விமானங்களை நிறுத்திவிட்டார்கள், இரண்டு நாளில் தெரியும், இப்போதைக்கு வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றார்.

"வீட்டுக்கா?" என்றார் அண்ணாச்சி. "இன்னும் பந்தியே முடிஞ்சிருக்காது வே. நாம போயி நின்னா நமக்கும் ஒரு இலை போடுவாக."

"சிரிச்சே கொன்னுருவாளுக" என்றார் கிருபை அக்கா. "என் நாத்தனா ஒருத்தி போதும்."

உபதேசியார் சட்டத்தைச் சொன்னார். வரவேற்புப் பாட்டு இல்லாமல் திரும்பக் கூடாது. வரவேற்பு பத்து நாள் கழித்து. இரண்டு நாளில் விமானம் கிளம்பினாலும் கிளம்பும். அதுவரை எங்கேயாவது இருப்போம்.

"எங்க?"

எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். பால்கோவாக் கடை ஒன்று தெரிந்தது.

இப்படித்தான் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் இரண்டு அறை எடுத்து நாங்கள் தலைமறைவானோம். உபதேசியார் ஒரே ஒரு கட்டளை போட்டார். "பொய் சொல்லப்படாது. பேசாம இருக்கலாம். பேசினாலும் உள்ளதைப் பேசணும்."

அந்தச் சாயங்காலமே அதற்குச் சோதனை வந்தது. பிளேன் என்றால் அரை நாளில் எருசலேம் போய்விடும் என்று நம்பிய கிருபை அக்காவின் நாத்தனார் வீடியோ காலில் வந்தார். அக்கா லாட்ஜின் வெள்ளைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"மதினி, போய்ச் சேந்துட்டியளா?"

"சௌக்கியமா இருக்கோம்."

"ஊரு எப்படி இருக்கு?"

"வெயில்தான் ஜாஸ்தி. பெரிய கோபுரம். சனம் வந்துக்கிட்டே இருக்கு."

"சாப்பாடு?"

"பால் ஐட்டம் நல்லா இருக்கு."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உபதேசியார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

எருசலேமில் நம் வாய்க்கு ஒன்றும் கிடைக்காது என்று பெண்கள் இருவரும் பத்து நாளைக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நாரத்தங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு, எள்ளுருண்டை, சுட்டுத் தின்னக் கருவாடு. கருவாட்டை எந்த நாட்டு விமான நிலையத்தில் சுடுவதாக இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் நாளே ஊறுகாயைத் திறந்தோம். வெளியூர் வந்தவுடன் எங்களுக்கு வருகிற வியாதி எல்லோருக்கும் வந்தது. நம்ம ஊர்த் தண்ணிக்கு இது வராது, நம்ம ஊர் டீ திக்கு, நம்ம ஊர்ப் பரோட்டா இதைவிட மெதுவு. இரண்டு ஊருக்கும் ஒரே மலைதான், ஒரே மழைதான். ஆனாலும் பேசிப் பேசி அந்த அரை மணி நேரத் தொலைவைக் கடல் அளவுக்கு நீட்டிவிட்டோம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மொட்டை மாடியில் பாயை விரித்தோம். "மலையில சொல்ல வேண்டியதை மாடியில சொல்லு தம்பி" என்றார் உபதேசியார். காசிம் பாயும் வந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

நான் ஆரம்பித்தேன். அந்தக் காலத்து யூதர்கள் பெரிய ஊரைத் தாய் என்பார்கள். அதைச் சுற்றிய சிற்றூர்களை அவள் மகள்கள் என்பார்கள்.

"அப்ப மம்சாபுரம் இந்த ஊரு மக" என்றார் கிருபை அக்கா. "நான் பிறந்த தேவதானம் ராஜபாளையத்து மக. சரிதான், மேல சொல்லு."

எருசலேம் எதிரிகளால் இடிக்கப்பட்டபோது பாடிய ஒப்பாரி ஒன்றைச் சொன்னேன். அதில் நகரம் கைம்பெண்ணாகத் தனியே உட்கார்ந்து ராத்திரி முழுக்க அழுகிறாள். கன்னத்தில் கண்ணீர். பிள்ளைகளைச் சிறைபிடித்துக் கொண்டு போய்விட்டார்கள். தேற்ற ஒருவரும் இல்லை.

"ஊரா அழுதுச்சு?" என்றார் பெரியம்மா. நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"மெதுவா பேசு எஸ்தரு. நாம எருசலேம்ல இருக்கோம்" என்றார் அண்ணாச்சி.

காசிம் பாய்க்கு ஒரு சந்தேகம். "தம்பி, எங்களுக்கும் அது புனிதமான ஊருதான். அது யாருக்குத் தாயி? அந்த ஊர்க்காரவுகளுக்கு மட்டுமா?"

பழைய பாட்டு ஒன்றில் எகிப்துக்காரனையும் பாபிலோன்காரனையும், ஆகாத பெலிஸ்தியனையும்கூட, இவன் அங்கே பிறந்தவன் என்று கடவுளே கணக்கெழுதிக்கொள்வதாக வருகிறது என்றேன்.

"அப்ப பெரிய பிரசவ வார்டுன்னு சொல்லுங்க" என்றார் பாய்.

மறுநாள் காலையில் பொங்கலும் வடையும் சாப்பிடப் போன இடத்தில் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். பக்கத்து மேசையில் ராஜபாளையத்து ராஜூக்கள் வீட்டுத் தம்பதி. எங்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். அண்ணாச்சிக்குக் கடை வியாபாரத்தில் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. அவர் வடையைப் பிய்த்தபடி எங்களுக்குத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"அந்தம்மா கேக்குது: இந்தப் பொம்பளை நம்ம ஊரு போர்டுல இருக்கவ மாதிரி இல்ல? அவரு சொல்லுதாரு: அவ எருசலேம்ல இருக்கா. அந்தம்மா சொல்லுது: அதே மூக்கு. அவரு சொல்லுதாரு: மூக்கு சரி, ஆனா போர்டுல இருக்கவ நல்ல கலரு."

பெரியம்மா வடையைக் கீழே வைத்தார். "யாருலே அவன்?"

கிருபை அக்கா அவர் வாயில் இன்னொரு வடையைத் திணித்துக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்.

ஒளிந்திருக்க இதைவிட மோசமான ஊர் கிடையாது. கோர்ட்டு இங்கேதான். ராஜபாளையம் பக்கத்து வரப்புத் தகராறு எல்லாம் இங்கேதான் வாய்தாவுக்கு வருகிறது. மத்தியானம் தெருவில் சோழபுரத்துக்காரர் ஒருவர், அண்ணாச்சியின் வாடிக்கைக்காரர், எதிரே வந்து நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி! எருசலேம் போயிட்டதா சொன்னாக?"

"போய்க்கிட்டுதான் இருக்கோம்" என்றார் அண்ணாச்சி, நடையை நிறுத்தாமலே.

அன்று சாயங்காலம் மாடியில் இரண்டாவது உரை. சிறைப்பட்டுப் போன சனத்துக்கு ஒரு தீர்க்கதரிசி சொன்னது. இந்த முறை நகரம் பிள்ளை பெறாத பெண். அவளை அழச் சொல்லவில்லை, பாடச் சொல்கிறார். கூடாரத்தை விரித்துக் கட்டச் சொல்கிறார். புருஷன் வீட்டில் வாழ்கிறவளைவிட இவளுக்குப் பிள்ளைகள் அதிகம், இடம் பத்தவில்லை என்று பிள்ளைகளே சொல்லப்போகிறார்கள் என்கிறார்.

பெரியம்மா பேசாமல் இருந்தது எல்லோருக்கும் கேட்டது.

பேச்சை மாற்றுவதற்காக இன்னொரு கதை சொன்னேன். எங்கள் வேதத்தில் சேராத பழைய யூத நூல் ஒன்றில் வருவது. ஞானி ஒருவர் வயல்வெளியில் ஒரு பெண் கதறி அழுவதைப் பார்க்கிறார். முப்பது வருடம் மலடியாக இருந்து பெற்ற ஒரே மகன், கல்யாணத்தன்று செத்துப்போனான் என்கிறாள். அவர் அவளைக் கடிந்துகொள்கிறார். நம் எல்லோருக்கும் தாயான சீயோனே, அதாவது எருசலேமே, துக்கத்தில் இருக்கும்போது உன் ஒரு பிள்ளைக்கா அழுகிறாய் என்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மின்னுகிறது, பூமி அதிர்கிறது, பார்த்தால் பெண்ணைக் காணோம். அந்த இடத்தில் ஒரு நகரம் நிற்கிறது. அழுதவளே சீயோன்தான்.

"அழுதுக்கிட்டு இருக்கவகிட்ட போயி, உன் துக்கம் பெருசா ஊரு துக்கம் பெருசான்னு கேட்டானாக்கும்?" என்றார் பெரியம்மா. "ஆம்பளைப் புத்தி! அவ ஊரா மாறாம என்ன செய்வா?"

என் பேராசிரியர் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. குறித்துக்கொள்கிறேன் என்றேன்.

"குறி. ஆனா ஏலே சாமு, பிளேன் எப்ப கிளம்பும்னு எதுலயும் போடலையா?"

மூன்றாம் நாள் காலை ஏற்பாட்டாளர் கூப்பிட்டார். இப்போதைக்கு இல்லை, எப்போது என்றும் தெரியாது. அவர் வைத்த கையோடு அத்தான், அக்காவின் கணவர், என் போனில் வந்தார். குரலில் சிரிப்பும் மூச்சிரைப்பும் கலந்திருந்தது.

"மாப்ள, பொம்பளப் பிள்ளை! ஒரு வாரம் முந்திருச்சு. ரெண்டு பேரும் சௌக்கியம். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில இருக்கோம். உங்கம்மா மில்லு ஷிப்ட் முடிஞ்சு சாயங்காலந்தான் வருவாக. பெரியம்மாகிட்ட சொல்லிருங்க. அங்கனயே நல்லா ஜெபிக்கச் சொல்லுங்க."

ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரி ரோடு தெரிந்தது.

பெரியம்மா எழுந்தார். உட்கார்ந்தார். "போனா, எருசலேம் மிதிக்காதவன்னு தெரிஞ்சிரும். சொன்ன வாக்கு அத்தோட சரி. போகாட்டா, வேற யாராவது வச்சிருவாக." முதல் முறையாக அவர் குரல் அந்த அறைக்குள்ளேயே நின்றது.

"நீ போனா நம்ம எல்லாரு வண்டவாளமும் வெளிய வந்துரும்" என்றார் அண்ணாச்சி.

"வரட்டுமே" என்றார் கிருபை அக்கா. "பக்கத்துத் தெருவுல பிள்ளை பிறந்திருக்கு, இங்க உக்காந்து ஊறுகா நக்கிக்கிட்டு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் இருந்தது சொல்லாத மூன்றாவது உரைதான். அதைத்தான் சொன்னேன். "பெரியம்மா, கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு அப்போஸ்தலர் எழுதுறப்ப, மேல இருக்க எருசலேம்தான் நமக்குத் தாய்னு எழுதுதாரு. பிள்ளை பெறாதவளைப் பாடச் சொன்ன அதே வாக்கைத்தான் அங்க எடுத்துப் போடுதாரு. அதை வாசிச்சவங்கள்ல முக்கால்வாசிப் பேரு எருசலேமைப் பார்த்ததே இல்லை."

"போகாமலே அவளுக்குப் பிள்ளையா?"

"ஆமா."

"அப்ப பெறாமலே…" என்றவர் முடிக்காமல் செருப்பைத் தேடினார்.

அவசரத்துக்கு வேன் கிளம்பவில்லை. இரண்டு நாள் நிழலில் தூங்கிய பேட்டரி. அண்ணாச்சியும் உபதேசியாரும் நானும் தள்ளினோம். கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நாலைந்து பேர் கை கொடுத்தார்கள். அதில் ஒருவர் நேற்றைய சோழபுரத்துக்காரர். "எருசலேம் வரைக்கும் தள்ளணுமா அண்ணாச்சி?" என்றார். வண்டி உறுமிக் கிளம்பி, இரண்டு நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. நடந்தே போயிருக்கலாம்.

வார்டு வாசலில் மம்சாபுரத்து அத்தை. கையில் சீனித்தண்ணீர்க் கிண்ணம், எதிரே ஒரு நர்ஸம்மா. "சீனித்தண்ணியும் கிடையாது, தேனும் கிடையாது. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அத்தை திரும்பினார்.

"மதினி! நீங்க எருசலேம்ல…"

"போற வழியில பிள்ளை கூப்பிட்டிருச்சு மதினி. எறங்கிட்டேன்."

"பிளேன்ல இருந்தா?"

"வேன்ல இருந்து. பிளேன் ஏறவே இல்ல. மூணு நாளா இந்த ஊர்லதான் கிடக்கேன். எருசலேமை நான் மிதிக்கல. பொய் சொல்லிப் பிள்ளையைத் தொட மாட்டேன். பாத்துட்டுப் போறேன்."

அத்தை பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "பெரியம்மா, உங்களுக்காகத்தான் பத்து நாள் ஆனாலும் யாரும் வைக்கக்கூடாதுன்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். உள்ள வாங்க."

"ஏட்டி, அவியளே போகலைன்னு சொல்லுதாவ" என்றார் அத்தை.

"அதான் எருசலேம் போறதை விட்டுட்டு எம்பிள்ளைகிட்ட வந்திருக்காவல்ல? வேற யாரு வருவா?"

அத்தை கிண்ணத்தைப் பார்த்தார். "வைக்கத்தான் ஒண்ணும் கூடாதுங்காகளே."

"தாய்ப்பால் கூடும்ல?" என்றாள் அக்கா. "எம்பால்லயே ஒரு சொட்டுத் தொட்டு வைக்கட்டும்."

நர்ஸம்மா யோசித்தார். "கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவணும். நகம் வெட்டியிருக்கணும்."

பெரியம்மா மூன்று முறை கழுவினார். திரையை இழுத்தார்கள். நான் வராந்தா பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆகவே அந்தச் சேனையை நான் பார்க்கவில்லை, கேட்டேன். முதலில் சின்னதாக ஒரு சப்புக் கொட்டல். அதன்பின் அந்தப் பிள்ளை அழுத அழுகை இருக்கிறதே, வாசலில் நின்ற காசிம் பாய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வச்ச உடனே தொண்டை வந்துருச்சே!" என்றார் அத்தை. "இனி எங்க வீட்டுல யாரும் தூங்குன மாதிரிதான்."

வார்டே சிரித்தது. பெரியம்மா வெளியே வந்து என் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாக்கால என் விரலைத் தேடுச்சுலே" என்றார். அந்த நகரத்துத் தாய் பிள்ளைகளை மடியில் வைத்துப் பாலூட்டித் தேற்றுவதாக ஒரு பகுதி உண்டு. என் ஆய்வில் அதற்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

நாங்கள் ஊர் திரும்பும் முன்னே செய்தி ஊர் திரும்பியிருந்தது. ஆயரய்யா மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கிருபை அக்காவின் நாத்தனார் "பால் ஐட்டம் கொண்டு வந்தியளா மதினி?" என்று கேட்டார், கொண்டு வந்திருந்தோம். சட்டம் சட்டம்தான் என்று வாசலில் நிற்க வைத்து, வரவேற்புப் பாட்டை முழுசாகப் பாடியபிறகே உள்ளே விட்டார்கள். பிளெக்ஸை மட்டும் எடுக்க வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். என்றைக்காவது போவோம்.

விமானத்துக்குக் கட்டியது அடுத்த பயணத்துக்கு அப்படியே நிற்கிறது. வேன், லாட்ஜ், சாப்பாடு, வார்டு முழுக்கக் கொடுத்த பால்கோவா எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்து முந்நூறு. ஆளுக்கு மூவாயிரத்து அறுபது. பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கும்போது அத்தான் பைக்கில் வந்து இறங்கி, மம்சாபுரத்து அத்தை கொடுத்தனுப்பியதாக அந்த மூவாயிரத்து அறுபதை உபதேசியார் கையில் வைத்தார். "எம்பேத்திக்குச் சேனை வைக்க வந்தவிய செலவு எங்க வீட்டுச் செலவுன்னு அம்மா சொல்லச் சொன்னாக" என்றார். ஆகையால் எருசலேம் போகாமல் வந்ததற்கு எங்கள் நாலு பேருக்கும் ஆன செலவு, பன்னிரண்டாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.